மரபு வில்வித்தை: ஆர்வத்தின் ஊற்றுக்கண் எது?

போர்க்களத்தில் வில்லின் காலம் முடிந்து நெடுநாளாகிவிட்டது. வேட்டைக்குத் துப்பாக்கி வந்துவிட்டது. விளையாட்டு அரங்கில் அம்பெய்வோருக்குக் குறிநோக்கியும் சமநிலைக் கோல்களும் பொருத்திய நவீன விற்கள் கிடைக்கின்றன. எனினும், இவை எவையுமின்றி, மரமும் கொம்பும் தசைநாரும் இணைத்துச் செய்யப்பட்ட பழைய வகை வில்லைத் தேடிச் செல்வோர் துருக்கியிலும் ஹங்கேரியிலும் கொரியாவிலும் வேறு பல நாடுகளிலும் இருக்கின்றனர். பொழுதுபோக்காக இதனைத் தொடங்கியோர் பலர், காலப்போக்கில் இதனைத் தமது வாழ்வின் ஓர் ஒழுங்காகவே ஆக்கிக்கொள்கின்றனர்.

இந்த ஈடுபாட்டிற்குக் காரணம் என்ன? பழமை மீதுள்ள பற்று, உடற்பயிற்சி, மன ஒருமைப்பாடு என்று பொதுவாகக் கூறுவர். இவை உண்மையே, ஆயினும் இவை வேறு பல கலைகளுக்கும் பொருந்தக் கூடியவை. மரபு வில்லுக்கே உரிய ஈர்ப்பு இரண்டு இயல்புகளில் அடங்கியிருக்கிறது எனலாம். ஒன்று, அது எய்பவனின் குறையை மறைப்பதில்லை. மற்றொன்று, அதனை ஒருவர் தனியாகக் கற்றுக்கொள்ள முடிவதில்லை. இவ்விரு இயல்புகளையும் இஸ்லாமிய வரலாறு நன்கு அறிந்திருந்தது. நபிமொழித் தொகுப்புகளும் ஃபிக்ஹு நூல்களும் உஸ்மானிய வில்லாளரின் வழக்காறுகளும் இதற்குச் சான்று பகர்கின்றன.

கருவியின் இயல்பு

மேற்காசியாவில் வழங்கிய வில் ஒரே மரத்தாலானது அன்று. நடுவில் மேப்பிள் போன்ற மரம். எய்பவரை நோக்கிய உட்புறத்தில் எருமைக் கொம்பு. இலக்கை நோக்கிய வெளிப்புறத்தில் விலங்கின் தசைநார். இம்மூன்றையும் வச்சிரப் பசை இணைக்கிறது. நாணை இழுக்கும்போது உட்புறம் நெருக்குண்கிறது, வெளிப்புறம் நீள்கிறது. நெருக்கத்தைத் தாங்கும் ஆற்றல் கொம்புக்கும், இழுவையைத் தாங்கும் ஆற்றல் தசைநாருக்கும் மிகுதியாக உண்டு. ஆகவேதான் குதிரை மீதிருந்து எய்யத்தக்க குறுகிய வில்லில் நெடிய வில்லுக்குரிய விசையைத் தேக்கிவைக்க இயன்றது. நன்றாக உலர்ந்து பதமாக இவ்வில்லுக்கு ஓராண்டோ அதற்கு மேலோ தேவைப்படும். நாணைக் கழற்றினால் அது எதிர்ப்புறமாக வளைந்துகொள்ளும்.

இதனை, 1969இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற கப்பி வில்லுடன் ஒப்பிட்டு நோக்குவது பயனுள்ளது. கப்பி வில்லின் நாணை முழுமையாக இழுத்து முடித்ததும், அதன் முனைகளிலுள்ள சக்கரங்கள் பாரத்தின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கின்றன. எய்பவர் நிதானமாகக் குறி பார்க்கலாம். மரபு வில்லின் நிலை இதற்கு நேர்மாறானது. இழுக்க இழுக்கப் பாரம் கூடிக்கொண்டே செல்லும். முழு இழுவையில்தான் அது உச்சத்தை அடையும். அதாவது, அம்பை விடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டிய கணமும் உடல் மிகுதியாக வருந்தும் கணமும் ஒன்றே. அக்கணத்தில் உள்ளத்தில் எழும் அவசரம், அச்சம், தன்னம்பிக்கைக் குறைவு ஆகிய எதுவும் விரலுக்கு எட்டாமல் இருப்பதில்லை. நாண் நழுவும் முறையில் ஏற்படும் மயிரிழை மாற்றமும் அம்பு சென்று தைக்கும் இடத்தில் சாண் அளவாகப் புலப்படும்.

தான் நிதானமானவன் என்று எண்ணியிருப்பவன் நிதானமற்றவன் என்பதை அவனுக்கு வேறெவரும் சொல்ல வேண்டியதில்லை, அம்பே சொல்லிவிடும். அது சொல்வதில் பகையுமில்லை, முகத்துதியுமில்லை. அடுத்த அம்பில் தன்னைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் உடனேயே கிடைக்கிறது. மனிதன் இவ்வளவு நேர்மையான சாட்சியை அன்றாட வாழ்வில் அரிதாகவே சந்திக்கிறான். மரபு வில்லின் மீது கொள்ளும் ஆர்வத்தின் முதல் ஊற்று இதுவே.

இமாம் ஷாஃபிஈயும் வில்லும்

ஆற்றல் என்பது அம்பெய்தலே என்று நபி (ஸல்) அவர்கள் மும்முறை வலியுறுத்தியதாக உக்பா இப்னு ஆமிர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அதே நூலில் இதனைத் தொடர்ந்து வரும் மற்றோர் அறிவிப்பு நமது தலைப்புக்கு இன்னும் நெருக்கமானது. முதுமையடைந்திருந்த உக்பா (ரழி) அவர்கள் இரு இலக்குகளுக்கிடையே எய்வதும் நடப்பதுமாக இருந்தார்கள். இந்த வயதில் இவ்வளவு சிரமம் ஏன் என்று ஒருவர் வினவினார். அம்பெய்தலைக் கற்ற பின் அதனைக் கைவிடுபவரை நபியவர்கள் கண்டித்ததைத் தாம் செவியுற்றிராவிட்டால் இச்சிரமத்தை மேற்கொண்டிருக்கமாட்டேன் என்பது அவர்கள் அளித்த விடையின் கருத்து. கற்ற கலை ஓர் அமானிதம் என்னும் உணர்வே முதியவரின் கால்களை அங்கு நடக்கச் செய்தது.

ஹிஜ்ரி 150இல் பிறந்து 204இல் மறைந்த இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் வரலாற்றை எழுதியோர், இளமையில் அவர்களுக்கு இரண்டில் தீராத வேட்கை இருந்ததாகக் குறிப்பிடுவர்: ஒன்று கல்வி, மற்றொன்று அம்பெய்தல். எய்த பத்தில் பத்தையும் இலக்கில் தைக்கும் தேர்ச்சியை இமாமவர்கள் பெற்றிருந்தார்கள் என்றும் அவர்கள் எழுதுகின்றனர். தமிழகக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் பெரும்பான்மையோர் பின்பற்றும் மத்ஹபின் மூலவர் ஒரு வில்லாளர் என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

இவ்வேட்கையின் சுவடு ஃபிக்ஹிலும் படிந்துள்ளது. ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்றான இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ பந்தயத்திற்கும் அம்பெய்யும் போட்டிக்கும் தனியொரு பாடத்தை ஒதுக்கியுள்ளது. அதில் வரும் ஒரு சட்டம் சிந்திக்கத்தக்கது. எய்யும்போது நாணோ வில்லோ முறிந்துவிட்டால், அல்லது அம்பு இடையில் ஏதேனும் ஒன்றின் மீது மோதிவிட்டால், அது இலக்கைத் தைத்தால் எய்தவருக்குச் சாதகமாகக் கணக்கிடப்படும். தவறினால் அவருக்கு எதிராகக் கணக்கிடப்படாது. எது மனிதனின் செயல், எது அவன் கட்டுப்பாட்டிற்கு அப்பாற்பட்ட விபத்து என்பதை ஃபுகஹாக்கள் இவ்வளவு நுட்பமாகப் பிரித்துள்ளனர். வில், எய்பவனின் செயலை மட்டுமே அளக்கும் கருவியாக இருக்க வேண்டும் என்பதே இச்சட்டத்தின் உட்பொருள் எனக் கொள்ளலாம்.

ஒக்மெய்தானியின் ஒழுங்கு

இக்கலை ஒரு நிறுவனமாக முழு வளர்ச்சி கண்ட இடங்களுள் தலையாயது இஸ்தான்பூல். 1453இல் அந்நகரை வென்ற சுல்தான் இரண்டாம் முஹம்மத், அம்பெய்யும் பயிற்சிக்கென ஒரு பரந்த திடலை ஒதுக்கினார். ‘அம்புத் திடல்’ எனப் பொருள்படும் ஒக்மெய்தானி என்பது அதன் பெயர். அங்கு வில்லாளருக்கெனத் தக்கியாவும் எழுந்தது. ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரழி) அவர்களைத் தமது கலையின் முன்னோடியாகவும் பீராகவும் அவ்வில்லாளர் போற்றினர்.

அங்கு சேரும் மாணவனின் கையில் உடனே அம்பு கொடுக்கப்படுவதில்லை. ‘கெபாஸே’ எனும் மென்மையான பயிற்சி வில்லை அம்பின்றி இழுத்துப் பழகுவதே தொடக்கம். உடல் பதப்பட்ட பின்னரே அம்பு. அதுவும் மிக அண்மையில் வைக்கப்பட்ட, பஞ்சு முதலியன திணித்த பையின் மீது. இலக்கைத் தைப்பதில் பெருமை கொள்ள இடமே இல்லாத தொலைவு அது. கவனம் முழுவதும் தன் கையின் மீதும் மூச்சின் மீதும் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். படிப்படியாக வன்மையான வில்லுக்கு முன்னேறி, குறிப்பிட்ட வகை அம்பை 900 ‘கெஸ்’ தொலைவுக்கு எய்தால்தான் அவன் உரிமம் பெற்ற வில்லாளன் ஆவான். ஒரு கெஸ் ஏறத்தாழ 66 செ.மீ.; ஆகவே இது 590 மீட்டருக்கும் சற்று அதிகம். அந்நாளில் உஸ்தாத் வில்லின் கைப்பிடியை மாணவனிடம் ஒப்படைத்து, அவன் காதில் ஒரு செய்தியை மெல்லக் கூறுவார். பத்ரு களத்தை நினைவூட்டி, எறிந்த கை மனிதனுடையதாயினும் எறிதல் அல்லாஹ்வுடையதே என்று உணர்த்தும் ஸூரா அன்ஃபாலின் 17ஆம் வசனம் இவ்வில்லாளரிடையே பெரிதும் போற்றப்பட்டது. தேர்ச்சியின் உச்சத்தில் தன்முனைப்பு தலைதூக்காதிருக்க இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

இங்குதான் ஆர்வத்தின் இரண்டாவது ஊற்று புலனாகிறது. தன் பின்புறத் தோளின் நிலையையோ, நாணை விடும் கணத்தில் தன் மணிக்கட்டு செய்யும் சிறு பிழையையோ எய்பவன் தானே காண இயலாது. அம்பு பிழை நேர்ந்ததைச் சொல்லும். பிழை எங்கே என்று சொல்ல ஓர் உஸ்தாத் வேண்டும். ஓர் அம்பின் பொருட்டு அதனைச் செய்தவர், எய்தவர், எடுத்துக் கொடுத்தவர் ஆகிய மூவருக்கும் நற்பேறு உண்டு என்ற கருத்துடைய நபிமொழியும் இக்கலை தனிமனிதனுடையது அன்று என்பதையே உணர்த்துகிறது. வில்லைத் தேடி வருபவன் இறுதியில் ஓர் உறவைக் கண்டடைகிறான். தனக்கு முன் இருந்தோரின் வரிசையில் தானும் ஒருவனாகிறான்.

அறுபட்ட சங்கிலி

சுல்தான் இரண்டாம் மஹ்மூத் (ஆட்சி 1808–1839) தாமே தேர்ந்த வில்லாளர். அவரது ஆணையின் பேரில் முஸ்தஃபா கானி என்பார் இக்கலையின் நுட்பங்களைத் தொகுத்து எழுதினார். கலை தளரத் தொடங்கிய காலத்தில் அதன் முழுமையான நூல் தோன்றியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பின்வந்த தலைமுறைகளில் திடல் சுருங்கியது. நகரம் பெருகியபோது, சாதனை அம்புகள் விழுந்த இடங்களில் நடப்பட்ட கற்களில் பல வீடுகளுக்கிடையே மறைந்தன. 1937இல் இஸ்தான்பூலில் தொடங்கப்பட்ட வில்வித்தைக் கழகமும் நெடுநாள் நிலைக்கவில்லை. பழைய உஸ்தாத்மாரின் வழிவந்தோரில் இறுதித் தலைமுறையைச் சேர்ந்தவர் நெஜ்மெத்தீன் ஒக்யாய் (1883–1976). இமாமாகவும் எழுத்தணிக் கலைஞராகவும் விளங்கிய அவர் ஏற்றுக்கொண்ட குடும்பப் பெயரின் பொருள் ‘அம்பும் வில்லும்’ என்பதாகும்.

நூல்கள் அழியவில்லை. 1368ஆம் ஆண்டளவில் மம்லூக்கியரின் ஆட்சியில் தைபுகா எழுதிய ‘குன்யதுத் துல்லாப்’ 1970இல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. மொரோக்கோவைச் சேர்ந்த பெயர் தெரியாத ஓர் ஆசிரியரின் அரபு நூல் 1945இல் அமெரிக்காவில் மொழிபெயர்க்கப்பட்டது. ஆனால் நூல் மட்டும் போதுமா என்பதற்கு அந்நூல்களே விடை தருகின்றன. நாணைக் கட்டைவிரலால் பற்றும் முறையை அவை ‘அறுபத்து மூன்று’ என்று குறிப்பிடுகின்றன. எண்களை விரல் மடிப்பால் காட்டும் வழக்கம் அன்று பரவலாக இருந்தது. சிறுவிரல், மோதிரவிரல், நடுவிரல் மூன்றையும் மடக்கினால் 3. மடக்கிய கட்டைவிரலின் மேல் சுட்டுவிரலை வளைத்து வைத்தால் 60. அன்றைய மாணவனுக்கு ஒரு சொல்லில் விளங்கிய செய்தி இது. விரற்கணக்கு வழக்கொழிந்த பின் வந்த வாசகனுக்கோ அது புதிராகிவிட்டது. கையைப் பிடித்துக் காட்ட ஓர் உஸ்தாத் இருந்திருந்தால் ஒரு நொடியில் தீரும் ஐயம் அது.

மீட்சியும் அதன் சோதனையும்

கடந்த சில பதிற்றாண்டுகளில் இக்கலை மீண்டும் துளிர்த்துள்ளது. அருங்காட்சியகங்களிலுள்ள விற்களை அளந்தும் பழைய நூல்களை ஆராய்ந்தும் கைவினைஞர்கள் கொம்பு வில்லை மறுபடியும் செய்கின்றனர். ஒக்மெய்தானியில் தக்கியா மீண்டும் கட்டப்பட்டது. 2019இல் யுனெஸ்கோ துருக்கியின் மரபு வில்வித்தையை மனிதகுலத்தின் புலனாகாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

இம்மீட்சியில் மகிழ்ச்சியுடன் ஓர் எச்சரிக்கையும் கலந்தே இருக்க வேண்டும். பழைய உடையும் பூவேலை செய்த தூணியும் விழாக் கூட்டமும் எளிதில் மீட்கப்படுபவை. அம்பில்லாத வில்லை மாதக்கணக்கில் இழுத்துப் பழகும் பொறுமையும், தன் பிழையைப் பிறர் சுட்டும்போது ஏற்கும் பணிவும், கற்றதைக் கைவிடலாகாது என்னும் அமானித உணர்வும் அவ்வாறு எளிதில் மீள்வன அல்ல. முன்னவை மட்டும் மீண்டால் மிஞ்சுவது காட்சிப் பொருள். பின்னவையும் மீண்டால்தான் அது கலை. இன்றும் ஆர்வத்தோடு வில்லைப் பற்றுவோர் பலர் அறிந்தோ அறியாமலோ தேடுவது பின்னவற்றையே.

இது வில்லாளருக்கு மட்டுமே உரிய செய்தி அன்று. தஜ்வீத் நூல் எவ்வளவு தெளிவாக இருப்பினும், ஓதிக்காட்டும் உஸ்தாதின் நாவின்றி ஓர் எழுத்தின் மக்ரஜ் கைகூடுவதில்லை என்பதை நாம் அறிவோம். அங்கே சங்கிலி அறுபடாமல் நமது முன்னோர் காத்தனர். எழுத்தணி, மருத்துவம், கட்டடக் கலை போன்ற எத்தனையோ துறைகளில் நூல் எஞ்சி, கற்பித்த கை மறைந்துவிட்டது. அறுபட்டதை மீண்டும் இணைக்க எவ்வளவு காலமும் உழைப்பும் தேவை என்பதற்கு ஒக்மெய்தானியின் வரலாறே சான்று. நம்மிடையே இன்னும் உயிரோடிருக்கும் உஸ்தாத்மாரிடம் அவர்கள் இருக்கும்போதே சென்று அமர்ந்து கற்பது, அவ்வரலாறு நமக்கு உணர்த்தும் கடமையாகும்.