மலையால் பிழைத்த லெசோத்தோ

லெசோத்தோவிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் எல்லை தாண்டியதும் தென்னாப்பிரிக்காதான். நாலாபுறமும் ஒரே நாடு சூழ்ந்திருக்க, 30,355 சதுர கிலோமீட்டர் பரப்பில் சுமார் 23 லட்சம் மக்களோடு தனித்து நிற்கிறது இந்த முடியரசு. இங்கே மிகத் தாழ்வான இடமே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் பனி கொட்டும். தடித்த கம்பளிப் போர்வையைப் போர்த்திக் குதிரையில் போகிறவர்களை மலைப்பாதைகளில் இன்றும் பார்க்கலாம்.

இவ்வளவு பெரிய அண்டை நாடு இதை ஏன் விழுங்கவில்லை? விடை மொஷ்வேஷ்வே என்ற அரசரிடம் இருக்கிறது. போரும் பஞ்சமும் வட்டாரத்தையே கலைத்துப் போட்ட காலத்தில், 1824-ல் அவர் தன் மக்களைத் தாபா போசியு என்ற மலைக்கு அழைத்துச் சென்றார். தட்டையான உச்சியில் ஊற்றும் மேய்ச்சலும் உண்டு. ஏறிவரும் வழிகளோ குறுகலானவை, காவல் காக்க எளியவை. அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு மாடுகளைக் கொடுத்துக் குடியமர்த்தினார். சிதறிக் கிடந்த குலங்கள் பசோத்தோ என்ற ஒரே மக்களாகச் சேர்ந்தது அப்படித்தான். வெறும் படைபலத்தால் இதைச் சாதித்திருக்க முடியாது.

1865-ல் டச்சுக் குடியேறிகளின் வழிவந்த போயர்கள் தாக்கியும் மலை விழவில்லை. ஆனால் அடிவாரத்தின் செழிப்பான விளைநிலங்கள் பறிபோயின. முதுமையில் இருந்த மொஷ்வேஷ்வே பிரிட்டனிடம் பாதுகாப்புக் கேட்டார், 1868-ல் கிடைத்தது. கலெடான் ஆற்றுக்கு மேற்கே பறிபோன நிலம் மட்டும் திரும்பவில்லை. 1966 அக்டோபர் 4 அன்று நாடு விடுதலை பெற்றது.

வயலை இழந்த நாட்டின் ஆண்கள் சுரங்கத்துக்குப் போனார்கள். 1980-களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் உழைத்தார்கள். ஊரில் பையன்கள் மாடு மேய்க்கப் போக, பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். ஆண்களைவிடப் பெண்களிடம் எழுத்தறிவு கூடுதலாக இருக்கும் அபூர்வமான நாடு இது!

1990-களில் சுரங்க வேலை சுருங்கியது. அடுத்து ஜீன்ஸ் தைக்கும் ஆலைகள் வந்தன. 2000-ல் அமெரிக்கா கொடுத்த வரிச்சலுகை அவற்றைப் பெருக்கியது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2025 ஏப்ரலில் அதே அமெரிக்கா 50 சதவீத வரி என்று அறிவித்தது. பின்னர் அது 15 ஆகக் குறைந்தாலும், அதற்குள் பல பெண்கள் வேலையிழந்துவிட்டார்கள். ஒரே வாங்குபவரை நம்பி நிற்கும் தொழில் எவ்வளவு பலவீனமானது என்பதை அந்தச் சில மாதங்கள் காட்டின.

இன்று நாட்டின் பெருஞ்செல்வம் தண்ணீர். 1986-ல் தென்னாப்பிரிக்கா எல்லையை அடைத்து நெருக்க, லெசோத்தோ ராணுவம் தன் நாட்டு ஆட்சியைக் கவிழ்த்தது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவுடன் நீர் ஒப்பந்தம் கையெழுத்தானது. 185 மீட்டர் உயரமுள்ள காட்சே அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கவழியாக, 1998 முதல் ஜோகன்னஸ்பர்க் வட்டாரத்துக்குத் தண்ணீர் போகிறது. உரிமைத்தொகை அரசுக்கு வருகிறது. அணைக்காக வயலையும் மேய்ச்சலையும் இழந்த குடும்பங்களோ, கிடைத்த இழப்பீடு போதாது என்று தொடர்ந்து முறையிட்டு வருகின்றன. அவர்கள் கேட்பது நியாயமே. இப்போது போலிஹாலியில் அடுத்த அணையின் வேலை நடக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் ஊர்களும் இடம்பெயர வேண்டியிருக்கிறது.