உங்களுக்குத் தெரியுமா? தைப்பிங் வானில் நிலா

● தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெறும் ஊர் தைப்பிங்; ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர். கடற்காற்று கிழக்கே பிந்தாங் மலைத்தொடரில் மோதி மேலேறுவதே காரணம். ஆனாலும் பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டுகிறது. மழை ஓய்ந்து மேகம் கலைந்த இரவில் காற்றின் தூசியும் அடங்கிவிடும். நிலாப் பிரியர்கள் காத்திருக்க வேண்டியது அந்த இரவுக்குத்தான்.

● ஏரிப் பூங்காவில் பௌர்ணமி நிலா தாமதமாகவே தலைகாட்டும். நாள்காட்டியில் போட்டிருக்கும் சந்திரோதய நேரம், தடையில்லாத தொடுவானத்துக்கானது. பூங்காவுக்குக் கிழக்கே சுமார் 1,250 மீட்டர் உயரத்தில் புக்கிட் லாருட் நிற்கிறது. மலைமுகட்டைத் தாண்டிவர நிலாவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதற்குள் நன்றாக இருட்டிவிடுவதால், படத்தில் நிலா வெள்ளைப் பொட்டாகவும் ஏரி வெறும் கறுப்பாகவும் விழும். இதற்கு ஒரு வழி உண்டு: பௌர்ணமிக்கு முதல் நாளே போய்விடுங்கள். நிலா ஏறக்குறைய 50 நிமிடம் முன்னதாக எழுவதால், அந்தி வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே மலைக்கு மேல் வந்துவிடும். தண்ணீரை நோக்கிச் சாய்ந்த தூங்குமூஞ்சி மரங்கள், ஏரி, நிலா மூன்றும் ஒரே படத்தில் அடங்கும். ஈயம் தோண்டிய குழிகள் 1880-களில் பூங்காவான அந்த இடத்துக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

● அந்த 50 நிமிடக் கணக்கு எங்கிருந்து வந்தது? நிலா நாள்தோறும் சூரியனிடமிருந்து சுமார் 12 பாகை கிழக்கே விலகுகிறது. அதை ஈடுகட்டப் பூமி இன்னும் ஏறக்குறைய 50 நிமிடம் சுழல வேண்டும். அந்த 12 பாகைதான் நம் பஞ்சாங்கத்தின் ஒரு திதி. முப்பது திதி சேர்ந்தால் ஒரு சுற்று, அதாவது 29.53 நாள்.

● நிலாவின் மேடு பள்ளங்களைப் படமெடுக்கப் பௌர்ணமிதான் மிக மோசமான நாள். வெயில் நேராக அடிப்பதால் நிழலே விழாது. முகம் தட்டையாகத் தெரியும். வளர்பிறை அஷ்டமியன்று பாருங்கள். பகலும் இரவும் சந்திக்கும் கோட்டருகே பள்ளங்களின் விளிம்பு மட்டும் ஒளிர, உள்ளே இருள் தேங்கி நிற்கும். சாதாரண இருகண் நோக்கியிலேயே இது தெரியும்.

ஒளி அளவு: முழு நிலவுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 11, நொடியில் நூறில் ஒரு பங்கு. பாதி நிலவு பாதி வெளிச்சம் தரும் என்று நினைத்துவிட வேண்டாம். முழு நிலவில் பத்தில் ஒரு பங்குதான் தரும். அதற்கு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு வரை திறக்கலாம். கைத்தொலைபேசி என்றால் திரையில் நிலாவைத் தொட்டு, விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். வெள்ளைப் பந்தில் கறைகள் மெல்லத் தெளிந்து வரும்.

● தேய்பிறையை அதிகம் பார்த்தவர்கள் நம் தோட்டப்பாட்டாளிகளாகத்தான் இருக்க வேண்டும். விடியலின் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும் என்பதால், பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் இருட்டிலேயே பால் வெட்டக் கிளம்பினார்கள். அமாவாசைக்கு முந்திய நாள்களில் கிழக்கே எழும் மெல்லிய பிறை அந்த நேரத்துக்குரியது. ஊர் எழுந்திருக்கும்போது அது வெயிலில் கரைந்திருக்கும்.

● தைப்பிங் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகைக்குள் இருக்கிறது. அதனால் மூன்றாம் பிறை இங்கே பெரும்பாலும் தோணிபோல் மல்லாந்து கிடக்கும். லண்டனில் பெரும்பாலும் சாய்ந்து நிற்கும்.

● நோன்புக்கும் பெருநாளுக்கும் பேராக்கில் அதிகாரபூர்வமாகப் பிறை பார்க்கும் இடங்களில் ஒன்று, மஞ்சோங் மாவட்டத்துப் பாசிர் பாஞ்சாங் கடற்கரை. மேற்கே மறைப்பில்லாத கடல் இருப்பதே அதன் சிறப்பு. பிறை தொடுவானத்துக்கு மேல் குறைந்தது 3 பாகையும், சூரியனிடமிருந்து 6.4 பாகையும் விலகியிருக்க வேண்டும் என்பது மலேசியா இப்போது பின்பற்றும் அளவுகோல்.

● நிலா வேண்டாத இரவும் உண்டு. தைப்பிங்குக்கு அருகே கம்போங் டியூவில், ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் மின்னுவதைக் காண அமாவாசையை ஒட்டிய நாள்களே ஏற்றவை.

● 2023 ஆகஸ்ட் 23, மலேசிய நேரம் இரவு 8.34. சந்திரயான்-3 தரையிறங்கிய அந்த நேரத்தில், நம் வானில் ஏறக்குறைய அரை நிலா இருந்தது. இறங்குகலம் சூரிய ஒளியில் இயங்குவது. அது இறங்கிய இடத்தில் அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது. பதினான்கு நாள் பகல் முன்னே இருந்தது. நிலாவின் பிறையைக் கணக்கிட்டே நாள் குறித்தார்கள். அத்திட்டத்தின் இயக்குநர் ப.வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர்.

● அடுத்து ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: 2029 ஜனவரி 1. புத்தாண்டு பிறந்து கால் மணி நேரத்தில் முழுச் சந்திர கிரகணம் தொடங்கி, சுமார் 71 நிமிடம் நீடிக்கும். நிலா உச்சிவானுக்கு அருகில் இருப்பதால் புக்கிட் லாருட் மறைக்காது. சிவந்த நிலாவைப் பிடிக்க ஓரிரு நொடி திறந்து வைக்க வேண்டியிருக்கும். முக்காலி இல்லாமல் நடக்காது. பிள்ளைகளையும் எழுப்பிக் கூட்டிப் போங்கள்.