வெயிலும் வெள்ளைப் பொடியும்

டைட்டானியம் டை ஆக்சைடு, சுவர்ப் பெயின்டுக்கு வெண்மை தரும் பொடி. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட் அதன் மூலப்பொருள்களில் ஒன்று. டைட்டானியம் டை ஆக்சைடின் படிகத்தை ஒரு மின்முனையாகவும் பிளாட்டினத்தை மறு மின்முனையாகவும் வைத்து, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அகிரா ஃபுஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் புற ஊதா ஒளியில் தண்ணீரைப் பிரித்தார்கள். படிகத்தின் பக்கம் ஆக்சிஜனும் பிளாட்டினத்தின் பக்கம் ஹைட்ரஜனும் வந்தன. 1972-இல் 'நேச்சர்' இதழ் அதை வெளியிட்டது.

ஒளி பட்டதும் ஆக்சைடுக்குள் ஓர் எலெக்ட்ரான் மேலெழும்பும்; அது விட்ட இடம் நேர்மின் 'துளை' ஆகும். எலெக்ட்ரான் ஹைட்ரஜனை உண்டாக்கும், துளை ஆக்சிஜனை. சிக்கல் என்னவென்றால், மேற்பரப்பை எட்டும் முன்பே பெரும்பாலான ஜோடிகள் மறுபடி ஒன்றுசேர்ந்து, வாங்கிய ஆற்றலை வெப்பமாக விட்டுவிடுகின்றன.

செம்மண்ணுக்கு நிறம் தரும் இரும்பு ஆக்சைடான ஹேமடைட்டில் இது இன்னும் மோசம். வெயிலை உறிஞ்ச அதற்குச் சில நூறு நானோமீட்டர் தடிமன் வேண்டும். துளையோ சில நானோமீட்டர் நகர்வதற்குள் அழிந்துவிடும். நானோ வடிவம் கைகொடுப்பது இங்கேதான். ஆக்சைடை நாற்றங்கால் பயிர்போல மெல்லிய குச்சிகளாக நிற்க வைத்தால், ஒளி குச்சியின் நீளவாக்கில் இறங்கும். துளை பக்கவாட்டில் நாலு எட்டு வைத்தால் தண்ணீரைத் தொட்டுவிடும்.

டைட்டானியம் டை ஆக்சைடின் குறை வேறு. அது புற ஊதாவை மட்டுமே ஏற்கும்; வெயிலில் புற ஊதாவின் பங்கு ஐந்து சதவீதம் அளவுதான். அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டுக்கும் இதே குறை உண்டு. அதைத் தகடுகளில் பூசி, ஆய்வாளர் கசுனாரி டோமனின் குழு 100 சதுர மீட்டர் பரப்பில் திறந்தவெளியில் ஹைட்ரஜன் எடுத்தது. 2021-இல் வெளியான அந்த முடிவின்படி, வெயில் ஆற்றலில் அதிகபட்சம் 0.76 சதவீதம் ஹைட்ரஜனாக மாறியது. எண் சிறியதுதான், ஆனாலும் சோதனைக்குழாயைத் தாண்டி வந்த எண்.

கழிவுநீரில் டைட்டானியம் டை ஆக்சைடு வேறு வேலை செய்கிறது. துளை தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் தனியுறுப்பை உண்டாக்கும். எலெக்ட்ரானைக் கரைந்துள்ள ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும். ஹைட்ராக்சில் கரிமப் பொருளைச் சங்கிலி சங்கிலியாக உடைத்து, கடைசியில் கார்பன் டை ஆக்சைடும் நீருமாக்கும். ஆகவே எலெக்ட்ரானை வாங்கி ஹைட்ரஜனுக்கு இடைஞ்சலாகும் ஆக்சிஜன் இங்கே வேண்டிய துணை. இரண்டு வேலையும் ஒரே தொட்டியில் வேண்டுமானால் காற்றை வெளியேற்றிவிட்டு, கழிவையே துளைக்கு இரையாக்க வேண்டும்.

ஆய்வகங்களில் வழக்கமான சோதனை மெத்திலீன் நீலம். நீலக் கரைசலில் ஒரு சிட்டிகைப் பொடியைப் போட்டுக் கலக்கி வெயிலில் வைத்தால் நிறம் மெல்ல வெளுக்கும். பார்க்க அழகுதான். ஆனால் நிறம் போனதாலேயே சாயம் முழுக்கச் சிதைந்ததாகாது. நீரில் எஞ்சிய கரிமத்தின் அளவைப் பார்த்தால்தான் தெரியும். பொடியை வடித்தெடுப்பதும் லேசான வேலையல்ல. கண்ணாடியில் பூசினால் வடிக்க வேண்டியதில்லை, ஆனால் நீர் தொடும் பரப்பு குறைந்துபோகும்.

திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவில் சாயத்தோடு உப்பும் ஏராளம். ஒளியால் வினையைத் தூண்டும் இந்த ஆக்சைடு உப்பைத் தொடாது. உப்பை நீக்க எதிர்ச் சவ்வூடுபரவலும் ஆவியாக்கலும் தேவைப்படுகின்றன.