கணிப்பொறிகள் பேசிக்கொள்ளும் விதம்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் காலையில், பண்ருட்டியை அடுத்த திருவதிகையில் இருக்கும் மாணவி தன் பதிவெண்ணைக் கைப்பேசியில் இடுகிறாள். சில வேளைகளில் மதிப்பெண் உடனே வந்துவிடுகிறது. சில வேளைகளில் பக்கம் திறவாமல் நெஞ்சம் படபடக்கிறது. இதற்குக் காரணம் யாது? நாம் காண்போம்.

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்னும் இயக்க முறையைத் தொடங்கினர். 1983-இல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பில் 'சாக்கெட்' என்னும் வசதி இடம்பெற்றது. நம் நாட்டில் 1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கேற்றது. 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கும் இணையம் கிடைத்தது.

சாக்கெட் என்பது, இரு கணிப்பொறிகள் பேசிக்கொள்ளும் இணைப்பின் ஒரு முனை. ஐ.பி. முகவரி தெருவும் வீடும் போன்றது. போர்ட் எண் அவ்வீட்டில் உள்ள அறை போன்றது. போர்ட் எண்கள் 65,535 வரை உண்டு. மின்னஞ்சலுக்கு 25, பாதுகாப்பான இணையப் பக்கத்துக்கு 443 என வழக்கம் உள்ளது.

சர்வர் முதலில் சாக்கெட்டைத் திறந்து, போர்ட் எண்ணோடு பிணைத்து, அழைப்புக்குக் காத்திருக்கும். "பேசலாமா?" என்று நம் கைப்பேசி கேட்கும். "பேசலாம், கேட்கிறதா?" என்று சர்வர் பதில் கூறும். "கேட்கிறது" என்று கைப்பேசி உறுதி செய்யும். டி.சி.பி. என்னும் நெறிமுறை இம்மூன்று படிகளுக்குப் பின்னரே செய்தியை அனுப்புகிறது. வழியில் தொலைந்த துண்டுகளை மறுபடியும் அனுப்புகிறது. யு.டி.பி. என்னும் மற்றொரு நெறிமுறையோ இத்தகைய முன்னுரை எதுவுமின்றிச் செய்தியை அனுப்பிவிடும்.

ஏற்கப்படும் ஒவ்வோர் அழைப்புக்கும் யூனிக்ஸ் புதியதொரு சாக்கெட்டைத் தருகிறது. அதனை ஒரு கோப்பைப் போலவே எண்ணிட்டுக் கையாளுகிறது. இவ்வெண்களுக்கு வரம்பு உண்டு. பல அமைப்புகளில் ஒரு நிரலுக்கு 1,024 என்பதே தொடக்க வரம்பு. பேசி முடித்த சாக்கெட்டை நிரல் மூடாவிட்டால் எண்கள் தீர்ந்துபோகும். புதிதாக வருவோர் வாசலில் நிற்பர். காத்திருக்கும் வரிசையும் நிரம்பினால் அழைப்புகள் கைவிடப்படும். பல்லாயிரம் மாணவியர் ஒரே நொடியில் அழைத்தால் இந்நிலை நேரலாம்.

ஆகவே தோழியரே, பக்கம் திறவாதபோது பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்த வேண்டாம். ஒவ்வோர் அழுத்தமும் வரிசையில் புதியதோர் அழைப்பாகிவிடும். சற்றே பொறுத்தால், நமக்கும் வழி கிடைக்கும். நம் பின்னால் நிற்பவளுக்கும் வழி கிடைக்கும். நாளை நம்மில் ஒருத்தி நிரல் எழுத முற்பட்டால், திறந்ததை மூட மறவாதிருப்பாளாக!