கடைமடை வரை

கோடை விடுமுறை நெருங்கியதும் குடும்பங்களில் எழும் முதற்கேள்வி, "இவ்வாண்டு எங்கே போகலாம்?" என்பதே. கொடைக்கானல், உதகை, கடற்கரை எனப் பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் ஆண்டுக்கு ஆண்டு பின்தள்ளப்பட்டு, இறுதியில் இடமே இல்லாமற் போகும் ஓர் ஊர் உண்டு. அது நம் பெற்றோர் பிறந்த ஊர். நம் உறவினர் இன்றும் வாழும் ஊர். எங்கள் குடும்பத்திலும் ஏழு ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன.

மறதி மட்டுமே அதற்குக் காரணமன்று. எங்கள் தந்தையார் இறைவனடி சேர்ந்தபின் நிலம் பங்கிடப்பட்டது. தலைமடை வயல் பெரியப்பாவுக்கும், கடைமடை வயல் எங்களுக்கும் வந்தன. தஞ்சை மண்ணை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். வாய்க்காலின் தலைப்பில் இருப்பவருக்குத் தண்ணீர் முதலில் பாயும். கடைசியில் இருப்பவருக்கு மிஞ்சியதே கிட்டும். மூத்தவர் நல்லதைத் தமக்கு வைத்துக்கொண்டார் என்று மனம் கசந்தோம். பேச்சு குறைந்தது, பின்னர் நின்றது. திருமண அழைப்பிதழ்கூட அஞ்சலில்தான் சென்றது.

கடந்த மே மாதத்தில், பெரியப்பாவுக்குக் கண்பார்வை மங்கிவருகிறது என்ற செய்தி ஊர்க்காரர் ஒருவர் வழியாக வந்தது. இனியும் தாமதித்தால் அவர் நம் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க இயலாமற் போகலாம் என்ற எண்ணம் எங்களை உறுத்தியது. மறுவாரமே திருச்சியிலிருந்து காரில் புறப்பட்டோம்.

தஞ்சைக்கு விரைந்து செல்ல நான்குவழிச் சாலை உண்டு. ஆயினும் நாங்கள் கல்லணை வழியாகச் செல்லும் ஆற்றோரச் சாலையையே தேர்ந்தோம். பிள்ளைகள் வயல்நாட்டைப் பார்க்கட்டும் என்று வெளியே சொல்லிக்கொண்டோம். எந்த முகத்தோடு பெரியப்பாவின் முன் நிற்பது என்ற தயக்கமே உண்மையான காரணம்.

கல்லணையில் இறங்கியதும் பிள்ளைகள், "ஆறு எங்கே?" என்று கேட்டார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வெண்மணலே தெரிந்தது. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் கரிகாற் சோழன் கட்டியது எனப் போற்றப்படும் அந்த அணையில் நின்று, காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று நீர் பிரிந்து செல்லும் திசைகளைக் காட்டினோம். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் நாள் திறப்பதே மரபு. ஆனால் மழையையும் நீர்வரத்தையும் பொறுத்து அது மாறும். 2022-இல் மே 24-ஆம் நாளே திறந்தார்கள். 2024-இலோ ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. குறுவைக்கு நாற்று விடும் உழவன் ஒவ்வோர் ஆண்டும் வானத்தையும் மேட்டூரையும் மாறி மாறிப் பார்த்திருப்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கினோம்.

அங்கிருந்து திருக்காட்டுப்பள்ளி வரை வழியெங்கும் வாழையும் கரும்பும் பச்சை காட்டின. பம்புசெட்டு உள்ள இடங்களில் மட்டும் நெல் நின்றது. உளுந்து எடுத்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. சில வயல்களில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து கீதாரிகள் கோடையில் மந்தைகளை ஓட்டிவந்து, இரவில் வயலில் அடைத்து உரமேற்றும் வழக்கம் இன்றும் இருப்பதைக் கண்டு மகிழ்ந்தோம்.

பூண்டி மாதா பேராலயத்தில் சற்று நேரம் முழந்தாளிட்டோம். வீரமாமுனிவர் எழுப்பிய ஆலயம் என்று வழிவழியாகப் போற்றப்படும் இத்திருத்தலம் 1999-இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. அன்று நாங்கள் கேட்ட வரம் ஒன்றே: "தாயே, முதற்சொல்லைச் சொல்ல எங்களுக்கு நாவைத் தாரும்."

ஆனால் முதற்சொல் எங்களுக்குக் கிட்டவில்லை. கார் நின்ற ஓசை கேட்டுத் திண்ணையிலிருந்து எழுந்த பெரியப்பா, குரலை வைத்தே எங்களை அறிந்துகொண்டு, "வாப்பா, பிள்ளைகளுக்கு வெயில் தாங்காது, முதலில் உள்ளே வாருங்கள்" என்றார். பெரியம்மா நீர்மோர் கொண்டுவந்தார். ஏன் வரவில்லை என்று இருவருமே கேட்கவில்லை.

மாலையில் வயலுக்குச் சென்றோம். மற்ற வாய்க்கால்களில் கோரையும் புல்லும் மண்டியிருக்க, எங்கள் வயலுக்குச் செல்லும் வாய்க்கால் மட்டும் கடைசி வரை தூர்வாரிக் கிடந்தது. எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா ஒவ்வொரு கோடையிலும் தம் செலவில் ஆள் வைத்து வெட்டிவிடுகிறார். தண்ணீர் வந்ததும் முதல் முறை உங்கள் வயலுக்குத்தான். உங்களிடம் சொல்லக்கூடாது என்று கட்டளை."

ஏழாண்டுகளும் குத்தகை குறையாமல் வந்ததை எங்கள் நற்பேறு என்றே நினைத்திருந்தோம்! கண்கலங்கி நின்ற எங்களைப் பார்த்துப் பெரியப்பா சொன்னது இதுதான்: "வாய்க்காலை நடுவிலே விட்டுவிட்டால் தண்ணீர் என் வயலிலேயே தேங்கும். தேங்கினால் என் பயிர்தானப்பா அழுகும்."

அன்றிரவு பல ஆண்டுகளுக்குப் பின் ஒரே கூரையின்கீழ் செபமாலை சொன்னோம். செபம் முடிந்ததும் மன்னிப்புக் கேட்டோம். அவரும் கேட்டார். மறுநாள் காலைத் திருப்பலிக்குப்பின் எல்லாரும் சேர்ந்து கல்லறைக்குச் சென்று தந்தையாருக்காக மன்றாடினோம்.

அன்னை மரியாள் எலிசபெத்தைச் சந்தித்த திருநாளை மே 31-ஆம் நாள் திருச்சபை கொண்டாடுகிறது. மலைநாட்டுக்கு அன்னை விரைந்து சென்றது ஊர்பார்க்க அன்று. முதிர்வயதில் கருவுற்றிருந்த உறவினருக்கு உதவவே. ஏறத்தாழ மூன்று மாதம் அவர் அங்கே தங்கினார். முதியோரிடம் செல்வது எத்துணைப் புனிதமானது என்பதை உணர்த்தவே, திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் தாத்தா பாட்டியர்க்கும் முதியோர்க்குமான உலக நாளை ஏற்படுத்தி, ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறை அதற்கென ஒதுக்கினார்.

அன்புள்ள வாசகர்களே! வரும் விடுமுறையில் சுற்றுலாவுக்குச் செல்லுங்கள், அது தவறன்று. ஆனால் இரண்டு நாட்களையேனும் சொந்த ஊருக்கென ஒதுக்குங்கள். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஓர் இரவேனும் தங்குங்கள். பழைய கணக்கை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். நாம் பகையென்று எண்ணியிருந்த இடத்தில், நமக்காக ஒருவர் சொல்லாமலே வாய்க்கால் வெட்டிக்கொண்டிருக்கலாம்.

நாங்கள் புறப்படும்போது பெரியம்மா ஒரு பை உளுந்தும் ஒரு தார் வாழையும் காரில் ஏற்றினார். பெரியப்பா எங்கள் இளைய பிள்ளையின் முகத்தைக் கைகளால் தடவிப் பார்த்துவிட்டு, "அடுத்த கோடை வரை காக்க வைக்காதீர்கள், தை அறுவடைக்கு வாருங்கள்" என்றார்.

வருவதாக வாக்களித்தோம்.