பேய்க்கதையில் பிணம் எரிப்பவர் எங்கே?

பேய்க்கதைப் புத்தகம் இருக்கிறதா என்று கடை கடையாகக் கேட்டுப்போகும் மாணவர்களை எந்தப் புத்தகக் கண்காட்சியிலும் பார்க்கலாம். நெய்வேலியிலும் அப்படித்தான். பயப்படுவதற்காகவே காசு கொடுத்து வாங்கும் புத்தகம் அது ஒன்றுதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கதைகளில் நம் சனங்கள் எங்கே நிற்கிறார்கள் என்று ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் சுடுகாட்டில் நிற்கிறார்கள். தீப்பந்தம் பிடித்துக்கொண்டு, கதாநாயகனுக்கு வழிகாட்டிவிட்டு இரண்டாம் பக்கத்தில் காணாமல் போகிறவராக. அல்லது பில்லி சூனியம் வைக்கிறவராக. கதை எழுதுகிறவருக்குச் சுடுகாடு பயங்கரமான இடம். நம்மில் பலருக்கு அது தாத்தா வேலை பார்த்த இடம். சிதையில் பிணம் எழுந்து உட்காரும் என்று கதையில் வரும். சூட்டில் தசை சுருங்கிக் கை கால் மடங்குவதை எரிப்பவர் நன்றாக அறிவார். கழியால் தட்டிப் படுக்கவைத்துவிட்டு விறகைத் தள்ளிக் கொடுப்பார். அவருடைய பயம் வேறு. மழை பிடித்துக்கொண்டு விறகு நனைந்தால் என்ன செய்வது? கூலி பேசியபடி வருமா? இனிமேல் சாவுக்குப் பறை அடிக்க வரமாட்டோம் என்று சொன்னால் மறுநாள் தெருவுக்குள் யார் வருவார்கள்? இந்தப் பயத்தை எழுதிய பேய்க்கதை நம்மிடம் மிகக் குறைவு.

தமிழில் பேய்க்கதை என்றதும் முதலில் சொல்லப்படுவது புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’. 1943-இல் வந்த சிறுகதை. வாசலில் சோறு கேட்டு ஒரு பெண் வருகிறாள். வீட்டுக்காரி இரக்கப்பட்டு அவளை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பயம் நுழைகிறது. எண்பது ஆண்டுகள் கழித்துப் படித்தாலும் முதுகு சில்லிடும். அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் பசியோடு வாசலில் நிற்கிறவளைப் பார்த்து வீடு பயப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வாசலுக்கு வெளியே நிற்கும் பழக்கம் உள்ளவர்கள் அந்தக் கதையை அவள் நின்ற இடத்திலிருந்தும் படிப்பார்கள். பாட்டும் நடையும் மாறாமல், அவள் சொல்வதாக அதே இரவை எழுதினால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் ஒருவர் அப்படி எழுதினார். லவ்கிராஃப்ட் என்பவர் அங்கே திகில் கதைக்குப் பெரிய பெயர். நியூயார்க்கின் ரெட் ஹுக் பகுதியில் பிழைக்க வந்து குடியேறிய ஏழைகளையே அருவருப்பும் ஆபத்துமாகக் காட்டி அவர் எழுதிய கதை 1927-இல் ஒரு மலிவு விலை இதழில் வெளியானது. விக்டர் லவால் என்ற கறுப்பின எழுத்தாளர் 2016-இல் அதே கதையை ஒரு கறுப்பின இளைஞனின் பக்கத்திலிருந்து குறுநாவலாகத் திருப்பி எழுதினார். அதில் பூதமும் உண்டு. பூதத்தைவிடப் போலீஸ்காரர் பயமுறுத்துகிறார்.

சென்னையில் ‘பிளாஃப்ட்’ என்று ஒரு சிறு பதிப்பகம் இருக்கிறது. நம் பாக்கெட் நாவல் கதைகளை 2008-இல் ஆங்கிலத்தில் தொகுத்தவர்கள். இந்தியப் பேய் பூதங்களுக்கு அகராதி போல ஒரு தடித்த நூலும் போட்டார்கள். 2024-இல் சாதி எதிர்ப்பை மையமாக வைத்து அறிவியல் புனைவும் மிகுபுனைவும் கொண்ட தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். நூல் ஆங்கிலத்தில் இருப்பதுதான் நமக்கு வருத்தம். இப்படி ஒரு தொகுப்பு முதலில் தமிழில் அல்லவா வந்திருக்க வேண்டும்?

பேய் இல்லாத பயங்கரம்

நம் மாவட்டத்தில் பயங்கரத்துக்குப் பேய் தேவைப்பட்டதில்லை. 2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் முருகேசனும் கண்ணகியும் விஷம் புகட்டிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். முருகேசன் தலித், கண்ணகி வேறு சாதி, இருவரும் கல்யாணம் செய்துகொண்டதுதான் காரணம். கடலூர் நீதிமன்றம் 2021-இல் தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தண்டனையை உறுதி செய்தது. கிட்டத்தட்ட 22 ஆண்டுகள்.

விருத்தாசலத்தில் வாழும் இமையம் எழுதிய ‘பெத்தவன்’ கதை 2012 செப்டம்பரில் ‘உயிர்மை’ இதழில் வந்தது. தலித் இளைஞனை விரும்பிய மகளைக் கொன்றுவிடும்படி ஊர் தகப்பனிடம் சொல்கிறது. அவர் ஒப்புக்கொள்கிறார். விடிவதற்குள் முடிக்க வேண்டும். அந்த ஒரே இரவுதான் கதை. திண்ணை, நாய், இருட்டு, பூச்சிமருந்து தவிர அதில் வேறு எதுவும் இல்லை. எந்தப் பேய்க்கதையைவிடவும் அது தூக்கத்தைக் கெடுக்கும். அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி தருமபுரி நத்தம் காலனி எரிக்கப்பட்டது. பாரதி புத்தகாலயம் அந்தக் கதையை மட்டும் தனியாக மெலிந்த புத்தகமாகப் போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனது. ஒரே ஒரு கதைக்கு ஒரு புத்தகம் போதும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போக வழி கிடைக்காததால் தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் திகில் கதையின் முதல் வரி தானே கிடைத்துவிடும்.

நெய்வேலியிலும் கதைக்குப் பஞ்சமில்லை. 1956-இல் நிறுவனம் தொடங்கியதிலிருந்து சுரங்கத்துக்காக எத்தனை கிராமங்கள் இடம்பெயர்ந்தன! ஊர் போனால் அதன் சுடுகாடும் போகும். புளியமரமும் போகும், அதில் இருந்த பேயும் போகும். வெட்டிப்போட்ட மண்மேட்டைப் பார்த்து, ‘எங்கள் அம்மாயியைப் புதைத்த இடம் இதற்குள் எங்கேயோ இருக்கிறது’ என்று சொல்லக்கூடிய குடும்பங்களின் பிள்ளைகள்தான் இன்று மந்தாரக்குப்பத்திலும் வட்டங்களிலும் கல்லூரிக்குப் போகிறார்கள். மரம் இல்லாத பேய் எங்கே தங்கும் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். சிரிப்பார்கள், பிறகு சொல்வார்கள்.

எழுதியதைப் பெரிய பதிப்பகம் போடுமா என்று காத்திருக்க வேண்டியதில்லை. பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் மதுரையில் ஒரு சமூக ஆய்வு மையத்தின் வெளியீடாகத்தான் வந்தது. அச்சகத்தில் 16 பக்கத்தை ஒரு ஃபாரம் என்பார்கள். மூன்று ஃபாரம் என்றால் 48 பக்கம். நடுவில் பின் அடித்துவிடலாம், தைக்கத் தேவையில்லை. இப்போது டிஜிட்டல் அச்சில் ஐம்பது பிரதி மட்டும்கூடப் போடலாம். ஐ.எஸ்.பி.என். எண் இந்தியாவில் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரிடம் கொடுத்து ஏமாற வேண்டாம். எழுத்துப்பிழையை அச்சுக்கு முன்பே இரண்டு பேர் பார்த்துவிட வேண்டும். சிறு கதைகளாக இருந்தால் 48 பக்கத்தில் நான்கைந்து அடங்கும்.