தக்காளிக்குள் நூல்! கிருமிக்குள் விளக்கு!

பாலக்கோடு என்றாலே தக்காளி மண்டிதான் நினைவுக்கு வரும். அங்கே கூடை கூடையாக வந்து இறங்கும் பழத்தில் ஒன்றே ஒன்று போதும். பிளஸ்-2 மாணவர்கள் புத்தகத்தில் படிக்கும் டி.என்.ஏ.வைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்!

பழத்தை நன்றாகப் பிசைய வேண்டும். உப்பும், பாத்திரம் கழுவும் சோப்பும் கரைத்த தண்ணீரை ஊற்றி, மெதுவாகக் கலக்க வேண்டும். துணியில் வடிகட்டிய சாற்றின் மேல், குளிர வைத்த ஸ்பிரிட்டை ஓரமாக ஊற்ற வேண்டும். வெள்ளை நூல் போல ஒன்று திரண்டு மேலே வரும்.

அதுதான் டி.என்.ஏ! செடி எப்படி வளர வேண்டும், பழம் எப்படிப் பழுக்க வேண்டும் என்ற குறிப்பெல்லாம் அதில் இருக்கிறது. ஒவ்வொரு குறிப்பும் ஒரு மரபணு.

ஓர் உயிரின் மரபணுவை இன்னோர் உயிருக்குள் நுழைக்க முடியுமா?

முடியும். கல்லூரி மாணவர்களே செய்கிறார்கள்!

ஐசும் வெந்நீரும்

பசிபிக் கடலில் பச்சையாக ஒளிரும் ஜெல்லி மீன் ஒன்று உண்டு. அதன் ஒளி மரபணுவை, வளையம் போன்ற டி.என்.ஏ.வில் சேர்த்து வைத்திருப்பார்கள். ஆம்பிசிலின் மருந்தைத் தாங்கும் மரபணுவும் அதே வளையத்தில் இருக்கும்.

நோய் தராத ஈ.கோலை கிருமிகளைக் கால்சியம் குளோரைடு கரைசலில் போட்டு, ஐசில் வைப்பார்கள். வளையத்தைச் சேர்ப்பார்கள். பிறகு 42 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வைத்து, மறுபடியும் ஐசுக்கு மாற்றுவார்கள். இந்த அதிர்ச்சியில் வளையம் உள்ளே புகுந்துவிடும்.

எல்லாக் கிருமியிலும் புகாது. மிகச் சிலவற்றில்தான் புகும். அவற்றைக் கண்டுபிடிப்பது எப்படி?

கடற்பாசிக் கூழில் ஆம்பிசிலின் கலந்து, அதன் மேல் கிருமிகளைத் தடவுவார்கள். வளையம் பெற்றவை பிழைக்கும், மற்றவை சாகும். மறுநாள் புற ஊதா ஒளியில் பார்த்தால், தட்டில் பச்சைப் புள்ளிகள் மின்னும்!

பக்கத்திலேயே இன்னொரு தட்டு இருக்கும். அதில் தடவியது வளையம் சேர்க்காத கிருமி. ஒன்றுமே முளைத்திருக்காது. பிள்ளைகள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உண்மையில் அதுதான் சாட்சித் தட்டு. மருந்து வேலை செய்தது என்று அதுதானே சொல்கிறது!

செத்த கிருமியின் சொத்து

1928-ல் இங்கிலாந்தில் கிரிஃபித் என்பவர், கொடிய நிமோனியாக் கிருமிகளைக் கொன்று, சாதுவான கிருமிகளோடு சேர்த்து எலிக்கு ஊசி போட்டார். எலி செத்தது! சாதுக் கிருமி கொடியதாக மாறியிருந்தது. மாற்றியது டி.என்.ஏ.தான் என்று 1944-ல் நியூயார்க்கில் ஏவரி குழுவினர் காட்டினார்கள்.

இதனால் நமக்கு என்ன? சர்க்கரை வியாதிக்காரர்களுக்கான இன்சுலினை முன்பு மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். 1978-ல் விஞ்ஞானிகள் மனித இன்சுலின் மரபணுவைக் கிருமிக்குள் வைத்து, அதையே தயாரிக்கச் செய்தார்கள். 1982-ல் அது மருந்தாக வந்தது.

நினைத்த இடத்தில் இதைச் செய்ய முடியாது. 1989-ம் ஆண்டு விதிகளின்படி, மரபணுவை மாற்றும் நிறுவனத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். சோதனை முடிந்ததும் கிருமிகளை அழித்துவிட வேண்டும்.

தக்காளிச் சோதனைக்கு யார் அனுமதியும் வேண்டாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். ஸ்பிரிட் தீப்பற்றும், அடுப்பை மட்டும் அணைத்துவிட வேண்டும்.